மதுரையில் மைனஸ் 38

மே மாதம். அக்னி நட்சத்திரம். தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற பகல் 11 மணி. மதுரையிலிருந்து ஒரு பிரிண்டிங் முதலாளி போனில் அலறினார்.

"சார், மெஷின்ல ஹெட்டு மைனஸ் 38 டிகிரி காட்டுது!"

"நம்ம மதுரையிலயா சார்? ஸ்வெட்டர் எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன். தொழிலுக்கு வந்து 18 வருஷமாகியும் இந்த வாய் மட்டும் திருந்தவில்லை.

"விளையாடாதீங்க சார். ஹெட்டு போச்சு. நம்ம பையன் கிளீன் பண்றேன்னு எதையோ பண்ணி உடைச்சிட்டான். லட்ச ரூபா ஐட்டம். அவன் சம்பளத்துலதான் மாசா மாசம் புடிக்கணும்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அதிசயமாக ஜன்னல் சீட் கிடைத்தது. மதுரை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதற்குள் உங்களுக்குக் கதாநாயகனை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

நான் ரிப்பேர் பார்ப்பது இண்டஸ்ட்ரியல் இங்க்ஜெட் பிரிண்டர்கள். உங்கள் ஆபீஸில் பேப்பரைக் கடித்துத் துப்புகிறதே, அந்தப் பிரிண்டருக்குப் பெரியப்பா பிள்ளை. சைஸ் ஒரு கட்டில் அளவு. கடை போர்டு, கண்ணாடி, டைல்ஸ், அக்ரிலிக் என்று எதன் மேலும் அடிக்கும். அதன் உயிர் ஹெட்டில் இருக்கிறது. சோப்பு டப்பா சைஸில் ஒரு வஸ்து. அடிப்பக்கத்தில் வரிசையாக நூற்றுக்கணக்கில் துவாரங்கள். ஒவ்வொன்றும் தலைமுடியின் கனத்தில் பாதிதான் இருக்கும். உள்ளே பீங்கான் மாதிரி ஒரு பொருள். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள்கள் உண்டென்று பிரான்ஸில் க்யூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்கள். (மேரி க்யூரியின் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும்.) அதையே திருப்பிப் போட்டு மின்சாரம் கொடுத்தால் பொருள் நெளியும். ஒரு நெளி, ஒரு சொட்டு. செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை.

சொட்டு ஒழுங்காக விழ மை பதமாக இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டியிருப்பீர்கள். அதே எண்ணெயைச் சித்திரையில் ஊற்றினால் உள்ளங்கையைத் தாண்டி முழங்கை வரை ஓடும். மையும் அப்படித்தான். குளிர்ந்தால் தடிக்கும், சுட்டால் இளகும். மதுரை மெஷினில் இருப்பது அல்ட்ரா வயலட் விளக்கில் காய்கிற மை. சும்மா இருக்கும்போது கொஞ்சம் கொழகொழ. அதனால் ஹெட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்து 40, 45 டிகிரிக்குச் சூடு பண்ணித்தான் அடிக்கிறோம்.

அந்தச் சூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு சென்சார். தெர்மிஸ்டர் என்று பெயர். மிளகு சைஸ் இருந்தால் அதிகம். சாதாரண உலோகக் கம்பி சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்சாரத்தை மறிக்கிற பிடிவாதம், கூடும். இதற்கு நேர் எதிர் குணம். சூடு ஏற ஏறப் பிடிவாதம் குறையும். (சில்வர் சல்ஃபைடு என்கிற பொருளில் இந்தக் கோணல் புத்தியை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே பார்த்துவிட்டார்.) நம்மாள் 25 டிகிரியில் 10,000 ஓம்ஸ். 40 டிகிரியில் அதில் பாதிக்குச் சற்று மேல். போர்டு இந்த எண்ணை வாங்கி, இவ்வளவு ஓம்ஸ் என்றால் இவ்வளவு டிகிரி என்று கணக்குப் போடுகிறது. அது ஒருநாளும் ஹெட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. காதில் வந்து விழுகிற எண்ணை நம்புகிறது. உங்கள் மேனேஜர் மாதிரி.

இப்போது வயர் அறுந்துபோனால்? ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் எகிறும். போர்டு என்ன நினைக்கும்? ரெசிஸ்டன்ஸ் கூடினால் குளிர். இவ்வளவு கூடினால் இமயமலை. ஆக, மைனஸ் 38.

மாறாக, கனெக்டரில் மை கசிந்து இரண்டு பின்னுக்கு நடுவே ஈரப் பாலம் போட்டுவிட்டால் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைக்கும். ரெசிஸ்டன்ஸ் விழும். போர்டு "சுடுது, சுடுது" என்று கத்தும். சிவகாசியில் ஒரு இடத்தில் ஹெட் 90 டிகிரி காட்டியது என்று ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன் வைத்து விசிறியிருக்கிறார்கள். காலையில் நான் போய் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கனெக்டரைத் துடைத்ததும் ஜுரம் விட்டுப்போனது. ஃபேனுக்கு ஆன கரண்ட் செலவை அவர்கள் இன்னும் என்னிடம் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு பேரும் பரவாயில்லை. அப்பட்டமாகப் பொய் சொல்கிறவன் உடனே மாட்டிக்கொள்வான். அரைப் பொய் சொல்கிறவன்தான் ஆபத்து. கனெக்டரில் கொஞ்சம் அழுக்கு, ஒரு 1,300 ஓம்ஸ் கூடுதல், அவ்வளவுதான். நிஜம் 42 டிகிரி இருக்கும்போது 36 என்று காட்டும். நம்பும்படியான எண். போர்டும் நம்பி, "பாவம், குளிர்கிறது போல" என்று இன்னும் சூடு ஏற்றிக்கொண்டே போகும்.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது. இறங்குவோம்.

கடை ஒரு சந்துக்குள். முன்பக்கம் கம்ப்யூட்டரில் ஒரு பெண் கல்யாண மாப்பிள்ளையின் கன்னத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தார். பின் அறையில் மெஷின். ஏ.சி. ஓடவில்லை. (ஏ.சி. மெஷினுக்காகப் போட்டதுதான். ஆனால் பில் கட்டுவது மெஷின் இல்லையே.) ஒரு மூலையில் ஆபரேட்டர் பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டிப்ளமோ முடித்த 22 வயசு. சட்டைக் கையில் நாலு கலரும் இருந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணல சார்."

"இவன் எப்பவும் இதான் சொல்வான்" என்றார் முதலாளி. "சார், நாளன்னிக்கு ஆஸ்பத்திரி திறப்பு விழா. மந்திரி வர்றார். 60 போர்டு அடிக்கணும். பத்துதான் ஆயிருக்கு."

இந்த மாதிரி நேரத்தில் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. நாலு பேர் நின்று பார்க்கும்போது எடுக்கத்தான் தோன்றும். மெஷின் காலையிலிருந்து ஆஃபில் கிடந்தது நல்லதாகப் போயிற்று. ஹீட்டரைப் போடாமல் மெஷினை மட்டும் ஆன் பண்ணி, ஆறு ஹெட்டின் டெம்பரேச்சரையும் பார்த்தேன். நாலு கலர், ஒரு வெள்ளை, ஒரு வார்னிஷ். ஐந்து ஹெட் 35, 36 என்று காட்டின. அறையின் சூடும் அதுதான். நீலம் மட்டும் மைனஸ் 38. ஆறிக் கிடக்கிற மெஷினில் எல்லா ஹெட்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும், ஒரு டிகிரி முன்னே பின்னே. இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். காலையில் கடை திறந்ததும் டீ வருவதற்குள் பார்த்துவிடலாம்.

அடுத்து பவரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். முதலாளிக்கு அந்தச் சும்மா பிடிக்கவில்லை. ஹெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே ஓடுகிற ரிப்பன் கேபிளில்தான் சென்சார் வயரும் போகிறது, ஹெட்டை நெளிய வைக்கிற வோல்டேஜும் போகிறது. கண்டென்சரில் மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிவதற்கு முன் ரிப்பனைப் பிடுங்கியோ, அவசரத்தில் கோணலாகச் சொருகியோ, ஹெட்டையும் போர்டையும் ஜோடியாகப் பரலோகம் அனுப்பி வைத்த மகானுபாவர்கள் இந்த ஊரிலேயே உண்டு.

பிறகு போர்டு பக்கத்தில் நீலத்தின் ரிப்பனையும் சிவப்பின் ரிப்பனையும் இடம் மாற்றிச் சொருகினேன். ஆன் செய்தால், இப்போது சிவப்பு மைனஸ் 38 என்றது. நீலம் 36. போர்டு நிரபராதி. வியாதி ரிப்பனோடோ ஹெட்டோடோ வருகிறது. மறுபடி ஆஃப். ரிப்பனைக் கழற்றிவிட்டு, ஹெட்டின் சென்சார் பின்களில் மீட்டரை வைத்தேன். 6.2 ஆயிரம் ஓம்ஸ். 36 டிகிரிக்கு அதுதான் வர வேண்டும்.

"ஹெட்டு உயிரோடதான் சார் இருக்கு" என்றேன்.

முதலாளி முகத்தில் லட்ச ரூபாய் திரும்பி வந்தது. பையன் முகத்தில் ஒன்றும் வரவில்லை. இன்னும் நம்பவில்லை.

அப்படியானால் ரிப்பன்தான் என்று அதை மேஜையில் நீட்டிப் போட்டு ஒவ்வொரு இழையாக மீட்டர் வைத்தேன். பீப், பீப், பீப். எல்லாம் நன்றாக இருக்கிறது! போர்டு நிரபராதி, ஹெட் நிரபராதி, ரிப்பனும் நிரபராதி. மாட்டி ஓட விட்டால் ஒழுங்காக அடித்தது. முதலாளி "கை ராசி சார் உங்களுக்கு" என்று டீ சொன்னார். டீ வந்தது. மைனஸ் 38-ம் வந்தது.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். "சார்... அது ரைட் சைடு ஓரத்துக்குப் போனாத்தான் சார் வரும்."

"எப்படித் தெரியும்?"

அவன் மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனான். சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. தேதி, மணி, எத்தனை தடவை, எந்தப் பக்கம். இரண்டு வாரக் கணக்கு. முதல் நாள் ஒரு தடவை. பிறகு மூன்று, ஏழு. எல்லாம் ரைட் சைடு. மெஷினை நிறுத்தினால் கேரேஜ் போய்த் தங்குவதும் ரைட் சைடில்தான். காலையில் ஆன் செய்ததும் மைனஸ் காட்டியதற்கும், நீட்டிப் போட்டால் பீப் அடித்ததற்கும் விடை அந்தச் சுவரில் இருந்தது. நான் மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவனை முதலில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்.

"இதை ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் முதலாளி.

"சொன்னேன் சார். ரெண்டு வாட்டி சொன்னேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடான்னீங்க."

ரிப்பனை வலது பக்கம் வளைகிற அதே இடத்தில் மடித்துப் பிடித்துக்கொண்டு மீட்டர் வைத்தேன். பீப் இல்லை. நீட்டினால் பீப். உள்ளே ஒரு இழை அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. விலை? ஹெட்டோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் கேபிள் டெல்லியிலிருந்து வர வேண்டும். மூன்று நாள்.

முதலாளி மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "சார், ஒரு ரெசிஸ்டர் போட்டா ஓடிரும்னு சொல்றாங்களே? போட்டுக் குடுத்துருங்க. மந்திரி போனப்புறம் கேபிள் மாத்திக்கலாம்."

நான் அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

எங்கள் தொழிலில் இது ஒரு கைமருந்து. சென்சாரின் இடத்தில் கடையில் சில காசுக்குக் கிடைக்கிற 10,000 ஓம்ஸ் ரெசிஸ்டரை வைத்துவிட்டால், போர்டு ஆயுள் முழுக்க "25 டிகிரி, 25 டிகிரி" என்று நிம்மதியாக இருக்கும். எர்ரர் போய்விடும். ஹீட்டர் இல்லாத பழைய ஃப்ளெக்ஸ் மெஷின்களில் நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அங்கே சென்சார் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கத்தான். கலர் லேசாக முன்னே பின்னே இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆறு வருஷம் முன்னால் கோயமுத்தூர் பக்கம் ஒரு கடை. ராத்திரி ஒன்றரை மணி. எர்ரர் போகவில்லை. காலையில் டெலிவரி. தூக்கம். அதே கைமருந்தைப் போட்டேன். ஹீட்டர் உள்ள மெஷின் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. ஹீட்டருக்குக் கொடுத்த உத்தரவு 42 டிகிரி. ரெசிஸ்டர் சொல்வதோ எப்போதும் 25. இன்னும் சூடு, இன்னும் சூடு என்று போர்டு விடிய விடிய ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அதிகச் சூட்டில் வெகுநேரம் கிடந்தால் இந்த மை விளக்கு இல்லாமலேயே இறுகும். காலையில் ஹெட்டுக்குள் மை இல்லை, பசை இருந்தது. நூற்றுக்கணக்கான துவாரங்களும் அடைத்துவிட்டன. (42 டிகிரிக்குச் சமமான ரெசிஸ்டரைப் போட்டிருந்தால்? ஹீட்டர் போடவே போடாது. மை கொழகொழவென்று நிற்கும். எதைப் போட்டாலும் பொய் பொய்தான்.)

அந்த முதலாளி நேராக ஆபரேட்டரிடம் போனார். நாற்பது வயசுக்காரர். "ராத்திரி பூரா மெஷின் பக்கத்துலதானே இருந்த? பாக்க வேணாமா?" என்று கத்தினார். நான் சத்தம் போடாமல் ரெசிஸ்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். நான் அதை மாட்டும்போது டார்ச் அடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது வேறு ஆள் இருந்தார். சம்பளத்தில் நாலு மாசம் பிடித்ததாகவும், பிறகு அவரே நின்றுவிட்டதாகவும் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

மதுரை முதலாளியிடம் இதில் பாதிதான் சொன்னேன். ரெசிஸ்டர் போட்டால் ஹெட் வெந்துவிடும் என்கிற பாதி.

"அப்ப மந்திரி?"

மந்திரிக்கு ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரி போர்டுக்கு வார்னிஷ் வேண்டாம். வார்னிஷ் ஹெட்டின் ரிப்பனைக் கழற்றி நீலத்துக்குக் கொடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் வார்னிஷை மூன்று நாள் லீவில் அனுப்பிவிட்டால் போதும். பையன் டார்ச் பிடிக்க, ரிப்பனின் செம்பு முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, நேராகப் பார்த்துச் சொருகினேன்.

சொருகும்போதுதான் பார்த்தேன். ரிப்பன் வளைகிற இடத்தில் ஒரு வளைந்த பிளாஸ்டிக் கிளிப் இருக்க வேண்டும். அது இருந்தால் ரிப்பன் வட்டமாக வளையும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, வெளி ஓரத்தில் இருக்கிற நீலத்தின் ரிப்பன் முதலில் அறும். கிளிப்பின் ஸ்க்ரூ ஓட்டை காலியாக இருந்தது.

"தம்பி, இங்க ஒரு கிளிப்பு இருக்கணுமே?"

"நான் வந்ததுலேர்ந்து இல்லண்ணே." (எப்போது "சார்" போய் "அண்ணே" வந்தது என்று கவனிக்கவில்லை.) "நான் சேர்ந்தே நாலு மாசம்தான்."

ஆறு மாசம் முன்னால் இதே மெஷினில் இங்க் டியூப் மாற்றியது நான். சர்வீஸ் இன்ஜினீயர் எவனுடைய பெட்டியை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், ஒரு டப்பாவில் மிஞ்சிய ஸ்க்ரூக்கள் இருக்கும். "எங்கேயோ மிஞ்சிருச்சு, மெஷின் ஓடுதில்ல" என்கிற ரகம். என் டப்பாவைத் திறந்தேன். வெள்ளை பிளாஸ்டிக், அரை வட்டம். எடுத்து வைத்துப் பார்த்தால் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சொகுசாக உட்கார்ந்தது.

முதலாளி முன்பக்கம் போனில் ஆஸ்பத்திரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பையன் என் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

முன்பக்கம் போய் அவர் போனை வைக்கும்வரை நின்றேன். கன்னம் வெள்ளையாக்கும் பெண்ணும் இருந்தார். பரவாயில்லை என்று சொன்னேன்.

"சார், பையன் மேல தப்பில்ல. போன தடவை நான்தான் ஒரு கிளிப்பு போடாம விட்டுட்டுப் போயிட்டேன். அதுலதான் ரிப்பன் அறுந்திருக்கு. கேபிள் காசு என்னோடது."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். 18 வருஷ சர்வீஸில் வாடிக்கையாளரிடம் இப்படி ஒரு வாக்கியம் நான் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார் போல. "அப்ப இன்னிக்கு சர்வீஸ் சார்ஜும் கிடையாதுல்ல?" என்றார். மதுரைக்காரர் அல்லவா!

"கிடையாது சார்."

"பஸ்ஸுக்கு?"

"இருக்கு சார்."

உள்ளே திரும்பி, "டேய், போய் அண்ணனுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிட்டு வா. உனக்கும் ஒண்ணு" என்று கத்தினார். சம்பளப் பிடிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கிளறவில்லை. கத்தின தோரணையிலேயே தெரிந்தது.

கிளம்பும்போது பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் காலையில் ஹீட்டர் போடுமுன் ஆறு ஹெட்டின் எண்ணையும் எழுதி வை, சுவரில் வேண்டாம், ஒரு நோட்டுப் போடு என்று.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் போன். "அண்ணே, வார்னிஷ் தவிர அஞ்சும் 33. ராத்திரியே 40 போர்டு முடிஞ்சுது."

"நோட்டுல எழுதிட்டியா?"

"இல்லண்ணே. முதலாளி சுவத்துலயே எழுதச் சொல்லிட்டாரு. வெள்ளை அடிக்கிறப்ப அந்த இடத்தை விட்டுட்டு அடிக்கணுமாம்."